வாய் மட்டும் அசைந்த பயணம்

போன ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகும் நாம் எல்லாரும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். வெளியே தூறல். நம் முழங்கால்களுக்கு வீடு போகிற அவசரம் இல்லை. வாலிபப் பிள்ளைகள் கிறிஸ்துமசுக்கு முன்னால் வேன் வைத்துக்கொண்டு மலையிறங்கி, ஊர் ஊராகப் போய்ப் பாடப்போகிறார்கள் என்று போதகர் அறிவித்தாரே, அதைப் பற்றித்தான் பேச்சு.

"பரிச்சை வருது. இப்பப் போயிப் பாடுனா மார்க்கு வருமாக்கும்?" என்றாள் நம்மில் ஒருத்தி.

"சளி வரும். வேறென்ன வரும்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்பினீர்கள். "ஏனக்கா, நீயுந்தான் அந்தக் காலத்துல போனே. உனக்கு என்ன கெடச்சுது?"

நான் சிரித்துவிட்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். நாலு பேர் முகம் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டிய பிறகுதான் பதில் ஒவ்வொன்றாக வரும். அப்படி வந்ததைத்தான் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். கண்ணாடி போட்டிருக்கிறவள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. இறங்க வேண்டுமானால் ஒற்றையடிப் பாதைதான். கீழே இருக்கிற ஊர்களை நான் பார்த்ததில்லை. வெயில் நாளில் பாறை மேல் நின்று பார்த்தால், தூரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மின்னும். அவை வீடுகளா ஏரிகளா என்று அக்காவும் நானும் சண்டை போடுவோம்.

பாட்டுக் குழுவில் உண்மையான பாட்டுக்காரி என் அக்காதான். அவள் தனியாகப் பாடுகிற இடத்தில் சின்னப் பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்தும். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் போனதற்குக் காரணம் எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணம் ஆகாத பெண் மலையை விட்டு இறங்கினால், கூடப் பிறந்த பொடிசு ஒன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பொடிசால் ஒரு காரியமும் ஆகாது. ஆனால் அது கூட இருந்தால் ஊர் வாய் பேசாது.

"சின்னவ போனாத்தான் பெரியவ போவா," என்று அப்பா சொல்லிவிட்டார். அவ்வளவுதான். குழுவில் எனக்கும் ஒரு வெள்ளைச் சட்டையும் நீல ரிப்பனும் கிடைத்தன.

பாட்டு வாத்தியார் ராசிபுரம் பக்கத்துக்காரர். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. தலையில் எண்ணெய் வழிய வாரியிருப்பார். ஆர்மோனியத்தை யாரையும் தொட விடமாட்டார். அப்போது அவர் எனக்குப் பெரிய கிழவராகத் தெரிந்தார். இன்று கணக்குப் போட்டுப் பார்த்தால், மீசை சரியாக முளைக்காத பையன் அவர். கீழே இருக்கிற சபைக்காரர்கள் யாரோ அவரிடம், "மலைப்புள்ளைங்க கத்தும், பாடாது," என்று சொல்லியிருக்கிறார்கள். அது அவர் மனசில் முள்ளாகக் கிடந்திருக்கிறது. எங்களை எப்படியாவது டவுன் பிள்ளைகள் போல மெல்லிசாகப் பாட வைத்துவிட வேண்டும் என்று பாடாய்ப் பட்டார். இதெல்லாம் எனக்கு எத்தனையோ வருசம் கழித்துத்தான் விளங்கியது.

முதல் நாள் ஒத்திகையில் நானும் வாயைத் திறந்தேன். ஆர்மோனியம் நின்றுவிட்டது.

"ஆருது அது? ஆரு கண்ணு அந்தச் சத்தம்?"

எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

என் குரல் அப்படித்தான். தினைக்காட்டுப் பரண் மேல் உட்கார்ந்து கிளி ஓட்டி வளர்ந்த குரல். ஆட்களைக் கண்டால்தான் எனக்குக் கூச்சம், கிளிகளைக் கண்டு கிடையாது. நான் பரணில் நின்று ஒரு கூவு கூவினால் எதிர்மலைக் காட்டில் இருக்கிற கிளியும் எழும்பும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எங்கள் காட்டில் அது ஒரு சொத்து. வாத்தியாருக்கு அது தலைவலி.

"கிளி ஓட்டறயா கண்ணு? கோயில்ல ஏது கிளி?" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. அவருக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து குனிந்து, "நீ சத்தம் போடாத சாமி. வாயை மட்டும் அசை. பாக்கறவங்களுக்குப் பாடுற மாதரயே இருக்கோணும். செய்வியா?" என்றார்.

நான் தலையாட்டினேன். அதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டேன். ஒருத்தன் ஆர்மோனியப் பெட்டி தூக்குகிறான், ஒருத்தன் கஞ்சிரா தட்டுகிறான், நான் வாய் அசைக்கிறேன். ஊற்றுத் தண்ணீரில் குனிந்து பார்த்துப் பழகினேன். தண்ணீருக்குள் இருந்த பிள்ளை என்னைவிட நன்றாக அசைத்தது. அவள் வாயிலிருந்து சத்தம் வராமல் ஒரு இலை மிதந்து வந்தது.

இறங்கின காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. முன்னால் போகிறவளின் நீல ரிப்பன் மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் பனிமூட்டம். தலையில் ஆர்மோனியம் வைத்துக்கொண்டு போன ஆளின் உடம்பு தெரியாது. பெட்டி தானாகக் காற்றில் மிதந்து இறங்குவது போல இருக்கும். காட்டுக் காப்பியின் ஈர வாசனை. எங்கோ ஒரு அருவி, பக்கத்திலா தூரத்திலா என்று தெரியாத சத்தம். பாதி வழியில் மூட்டம் சட்டென்று தலைக்கு மேலே நின்றுவிட்டது. கீழே பார்த்தால் வெயில். அக்கா என் கையை அழுத்தி, "பாத்தியா, ஊடுங்கதான். ஏரியில்ல," என்றாள். அந்தச் சண்டையில் அவள்தான் ஜெயித்தாள்.

கீழே எல்லாமே மேடு பள்ளமில்லாமல் சப்பையாக இருந்தது. நடந்தால் கால் எதையும் தேடவில்லை. மாட்டு வண்டிகளும் லாரிகளும் போன ரோட்டு ஓரமாகவே நடந்தோம். கரும்புச் சாறு கொதிக்கிற ஆலையிலிருந்து வெல்ல வாசனை வந்தது. சபை வீட்டுக்காரர்கள் எங்களைப் பங்கு போட்டுக்கொண்டு சோறு போட்டார்கள். நெல்லுச்சோறு, ஒவ்வொரு வேளையும். அந்த வெள்ளைச் சோற்றைப் பார்த்து எங்கள் பையன் ஒருவன், "இன்னிக்கி என்ன பண்டிகைங்க?" என்று கேட்டுவிட்டான். அந்த வீட்டு அம்மா சிரித்து முடிக்கவே நேரம் ஆயிற்று.

ஒவ்வொரு கோயிலிலும் நான் வாய் அசைத்தேன். ஒரு ஊரில் முன்வரிசைப் பெண்ணொருத்தி என்னைக் காட்டி, "அந்தக் கடைசிப் புள்ளயப் பாரேன், என்ன உருக்கமா பாடுது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் என் தொடையைக் கிள்ளினாள். வாத்தியாருக்கும் திருப்தி.

எனக்குத்தான் என்னவோ ஆகத் தொடங்கியது. எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம். அக்காவின் தனிப்பாட்டுகூடத் தெரியும். பாட்டு ஆரம்பித்ததும் நெஞ்சிலிருந்து ஒன்று கிளம்பி மேலே வரும். தொண்டை வரைக்கும் வந்து, கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விடும். கூட்டம் முடிந்த பிறகும் அது உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் நடக்கும்போது அக்கா கேட்டாள்: "உனக்குப் பாடோணும்னு இல்லியாடி?"

"இருக்கு."

"வாத்தியாருகிட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாக்கா."

அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தது. எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிகிறது. அக்கா இல்லையென்றால் என்னை யார் இறக்கி அனுப்பப்போகிறார்கள்? இந்த முறை பாடினால் உண்டு. மலையேறுவதற்குள் ஒரே ஒரு பாட்டையாவது சத்தமாகப் பாடிவிட வேண்டும் என்று இருந்தது. கேட்கத்தான் வாய் இல்லை.

அடிவாரத்து டவுனுக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. கோயிலுக்குப் போகிற வழியில் ஓடை கரைபுரண்டு ஓடுவதாகச் சொன்னார்கள். ஆர்மோனியம் நனைந்துவிடும் என்று வாத்தியார் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். அப்போது அக்காதான், "அப்பா வாழைத்தார் போடற மண்டி இங்கதானுங்க இருக்கு," என்று வழி காட்டினாள்.

மண்டிக்கார பாய் எங்களைக் கேள்வியே கேட்கவில்லை. "மலைக்காரர் புள்ளைங்களா? உள்ள வாங்க, உள்ள வாங்க. ஏனுங்க வாத்தியாரே, பெட்டிய மொதல்ல உள்ள வெய்யுங்க," என்றார்.

அந்த மண்டியின் வாசனையை எப்படி எழுதுவது? ஒரு பக்கம் எங்கள் மலை மிளகு, மூட்டை மூட்டையாக. மறுபக்கம் வாழைத்தார்கள், கூரை உயரத்துக்கு. மூலையில் ஒரு அறையில் காயைப் பழுக்க வைக்கப் புகை மூட்டம் போட்டிருந்தார்கள். கதவு இடுக்கு வழியாகப் புகையும் பழ வாசனையும் சேர்ந்து வந்தன. எங்கள் மலையை யாரோ சாக்கில் கட்டி இறக்கி, இந்த இருட்டில் தூங்க வைத்திருந்தது போல இருந்தது.

மேலே தகரக் கூரை. மழை அதன் மேல் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்காது. கையைக் காட்டித்தான் பேச வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டு சும்மா இருப்பானேன் என்று வாத்தியார் எங்களை வரிசையாக நிறுத்திப் பாடச் சொன்னார். பாடினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஆர்மோனியத்தின் மடிப்பு திறந்து மூடுகிறது. வாய்கள் திறந்து மூடுகின்றன. மழை மட்டும் பாடுகிறது. அன்றைக்கு எல்லாருமே என்னைப் போல ஆகிவிட்டார்கள்.

அந்தச் சத்தத்தில் நான் வாய்விட்டுப் பாடியிருந்தாலும் ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் பாடவில்லை. பழகிப்போயிற்று.

அப்போதுதான் அவள் வந்தாள். பாயின் மகள். அக்காவைவிடக் கொஞ்சம் சின்னவள். வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவே இருந்த கதவில் நின்று எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராக வரிசைக்கு வந்து, முதல் பிள்ளையின் தொண்டையில் இரண்டு விரலை வைத்தாள். அந்தப் பிள்ளை கூச்சத்தில் நெளிந்தது. இவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். பிறகு அடுத்த தொண்டை. பிறகு அடுத்தது. பிறவியிலேயே காது கேட்காதவள் அவள், பேச்சும் வராது. பாட்டை அவள் கேட்கிற விதம் அது. அக்காவின் தொண்டையில் வெகுநேரம் விரலை வைத்திருந்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

கடைசியாக என்னிடம் வந்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன. என் வாயைப் பார்த்தாள். தொண்டையில் விரலை அழுத்தினாள். மறுபடி வாயைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் எல்லாரையும் பார்த்து, என்னைக் காட்டி, கையை விரித்தாள்.

இத்தனை ஊர்க்காரர்களுக்குத் தெரியாதது காதே கேட்காத அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மழை கொஞ்சம் தணிந்தது. பாய் சிரித்துக்கொண்டே, "என்னங்க வாத்தியாரே, இந்தப் புள்ள பாடலீன்னு எம்மவ சொல்றா?" என்றார்.

வாத்தியார் தடுமாறிவிட்டார். "அதுங்களா பாய்... அது வந்துங்க... அந்தப் புள்ளைக்குப் பேச்சு வராதுங்க. அக்காகூடச் சும்மா வந்துச்சு. வரிசையில நிக்கட்டும்னு வெச்சிருக்கறேன்."

அக்கா வாயைத் திறந்தாள். வாத்தியார் அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். பெரியவர்கள் பேச்சில் குறுக்கே பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லையே.

விசயம் அங்கேயே முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. பாய் வீட்டம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓடி வந்து என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "உனக்கும் இப்படியா கண்ணு? அல்லாவே, எம்மவள மாதர இன்னொண்ணு இருக்கே!" அவர் கண்ணீர் என் ரிப்பனில் சொட்டியது. அவர் புடவையில் ஏலக்காய் வாசனை. நான் மூச்சுவிடவும் பயந்து அப்படியே நின்றேன்.

அன்றைக்கு அங்கேதான் தங்கினோம். நெய்ச்சோறு போட்டார்கள். அக்கா என்னை ஓரமாக இழுத்து, "வாயத் தொறந்து சொல்லுடி! ஊமையாடி நீ? நாளைக்கி ஊரெல்லாம் ஊமைன்னே சொல்லும், அப்பறம் என்ன பண்ணுவே?" என்றாள். என்னால் முடியவில்லை. ஒன்று, வாத்தியாரைப் பொய்யராக்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பெண் என் கையை விடவே இல்லை.

தோழிகளே, இதை எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும்? பிறந்ததிலிருந்து எல்லாரும் என்னைப் "பேசு பேசு" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பேசாமல் இருந்ததற்காக என்னோடு சினேகமானவள் அவள் ஒருத்திதான். சாயங்கால வெளிச்சத்தில் மிளகு மூட்டைகள் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் கையாலேயே பேசினாள். இல்லாத தாடியைத் தடவினால் அவள் அப்பா. ஐந்து விரலையும் கீழே சொட்ட விட்டால் மழை. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினால் பழுத்த வாழை. நான் அவளுக்கு மலையைக் காட்டினேன். கிளியைக் காட்டினேன். பனி இறங்குவதைக் காட்ட, இரண்டு கையாலும் அவள் முகத்தை மெல்ல மூடினேன். அவள் என் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துச் சிரித்தாள். கூரையில் மழை வந்து வந்து போயிற்று. இப்படியே ஊமையாக இங்கேயே இருந்துவிட்டால்கூட என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு இனிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

காலையில் வானம் கழுவி விட்டது போல இருந்தது. ஓடை வடிந்துவிட்டது. கிளம்பும்போது பாய் வீட்டம்மா ஒரு பச்சைக் கயிற்றைக் கொண்டுவந்து என் மணிக்கட்டில் கட்டினார். "தர்காவுல எம்மவளுக்கு ஓதி வாங்குனது. அவ கையில ஒண்ணு இருக்கு, இது உனக்கு. உனக்காச்சும் வாய் தொறக்கட்டும் சாமி." அப்புறம் வாத்தியாரிடம், "நாங்களும் வாரோமுங்க. வெளிய நின்னு பாத்துக்கறோம். இவ கையப் புடிச்சு இழுக்கறா," என்றார்.

வாத்தியார் அந்தக் கயிற்றைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பூட்டை எதற்கோ திறந்து திறந்து மூடினார்.

அந்த டவுன் கோயில்தான் நாங்கள் பாடினதிலேயே பெரிது. மின்விசிறி இருந்தது. முன்வரிசையில் சட்டை மடிப்புக் குலையாத ஆட்கள். மலைப்பிள்ளைகள் கத்தும் என்று சொன்னவர்களும் அங்கேதான் இருந்திருப்பார்கள். வாத்தியார் கழுத்தில் வேர்வை ஓடியது.

முதல் பாட்டு மெல்லிசாகப் போயிற்று. இரண்டாவதும். வாத்தியாரே கட்டின பாட்டு மூன்றாவது. விடியல் மலையுச்சியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறதைச் சொல்கிற பாட்டு. அக்கா தனியாக எடுத்துக் கொடுப்பாள், எல்லாரும் சேர்ந்து வாங்கிப் பாட வேண்டும். நான் வாயை அசைத்துக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தேன்.

வெளியே, படிக்கட்டில் வெயிலில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அசைப்பது போலவே தானும் அசைத்தாள். திறக்கிற இடத்தில் திறந்து, குவிக்கிற இடத்தில் குவித்து, ஒரு அட்சரம் பிசகாமல். அவள் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. சத்தம் மட்டும் இல்லை. அவளுக்கு அதுதான் முடியும். முடிந்ததையெல்லாம் செய்தாள்.

எனக்கு முடியும்.

யோசித்துச் செய்யவில்லை. எல்லாரும் சேர்ந்து வாங்குகிற இடம் வந்தது. தொண்டை வரை வந்தது இந்த முறை திரும்பிப் போகவில்லை.

மின்விசிறிக்கு மேலே கூடு கட்டியிருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. அது நிஜம், வேண்டுமானால் என் அக்காவின் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவள் சாகிற வரைக்கும் இதைச் சொல்லிச் சிரித்தாள். முன்வரிசை ஆட்கள் நிமிர்ந்தார்கள். வாத்தியாரின் கை ஆர்மோனியத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் அக்கா நிறுத்தவில்லை. என் பக்கம் நெருங்கி நின்று இன்னும் சத்தமாகப் பாடினாள். அதைப் பார்த்துப் பையன்களும் விட்டுவிட்டார்கள். மெல்லிசு எல்லாம் போயிற்று. காட்டில் கூப்பிடுகிற குரல்கள் அத்தனையும் அந்தச் சுவருக்குள் நிறைந்தன.

பாட்டு முடிந்ததும் வாசலிலிருந்து ஒரு கூக்குரல். "தொறந்துருச்சு! வாய் தொறந்துருச்சு! ஊமைப் புள்ள பாடிருச்சுங்க!" பாய் வீட்டம்மா படியேறி வந்துவிட்டார். முகத்தில் கண்ணீரும் சிரிப்பும். மகளின் கையைப் பிடித்து, அதிலிருந்த கயிற்றையும் என் கயிற்றையும் மாறி மாறிக் காட்டினார். சபையில் சலசலப்பு. ஒரு பெரியவர் எழுந்து கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லவே ஆரம்பித்துவிட்டார். போதகர் வாத்தியாரைப் பார்த்தார்.

வாத்தியார் எழுந்தார். சும்மா இருந்திருக்கலாம். சபைக்காரர்களும் அதிசயம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள், அவருக்கும் பெயர் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

"ஊமை இல்லீங்க," என்றார். "நல்லாப் பேசற புள்ளதானுங்க. சத்தம் பெருசுன்னு நாந்தான் வாய அடச்சு வெச்சேன். நேத்து உங்க மண்டியில வெச்சுச் சொன்னது பொய்யிங்க அம்மா."

பாய் வீட்டம்மாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என்னைத் திட்டுவார், கயிற்றைக் கழற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வாத்தியார் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார்: "ஏனுங்க வாத்தியாரே, எம்மவகிட்ட ஒரு சத்தம் வராதான்னு நான் தெருத்தெருவா நேந்துக்கிட்டுத் திரியறேன். கடவுள் இவ்வளவு குடுத்த புள்ளைய நீங்க சும்மா நில்லுன்னு சொல்லிப்போட்டீங்களே!"

வாத்தியார் ஆர்மோனியத்தை மூடி வைத்தார்.

அவளுக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது. அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தாள். வந்து என் தொண்டையில் விரலை வைத்தாள். எனக்குச் சத்தம் வரும் என்று தெரிந்துவிட்டால் என் கையை விட்டுவிடுவாள். நான் அவள் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். ஆனாலும் பாடினேன், அந்த ஒரு அடியை மட்டும். அவள் விரல் துள்ளியது. கண்கள் பெரிதாயின. கொஞ்ச நேரம் என்னை வேறு யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

பிறகு என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள். வந்தது பாட்டு இல்லை. பேச்சும் இல்லை. மூட்டத்துக்குள் எங்கோ விழுகிற அருவி போல ஒரு சத்தம். அது என் உள்ளங்கைக்குள் அதிர்ந்தது. வெளியாட்கள் முன்னால் அவள் குரல் விட்டதே இல்லையாம். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. அடுத்த வருசம் அப்பா வாழைத்தார் இறக்கிவிட்டு வந்தபோது, மிளகு கட்டின துணியில் அவள் கொடுத்தனுப்பின கண்ணாடி வளையல் எனக்கு வந்தது. வளையல் கிணற்றடியில் உடைந்தது. பச்சைக் கயிறு நாளாவட்டத்தில் நைந்து, எந்தத் துவைப்பில் போயிற்றோ தெரியாது. நீல ரிப்பனை அக்கா கல்யாணத்தன்று யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பாட்டு வாத்தியார் சீக்கிரமே மாற்றலாகிப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். பயந்த ஒரு பையன், பயந்த ஒரு பிள்ளையை வாயை மூடச் சொன்னான். சபை முன்னால் எழுந்து நின்று அதைச் சொல்லவும் செய்தான். பெரிய மனிதர்கள் பலர் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

உனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். இன்றும் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அது மாறவில்லை. பாட்டும் பாதி மறந்துவிட்டது. ஆனாலும் என்னைக் கேட்டால், பிள்ளைகளை அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். தொண்டை கட்டினால் கட்டட்டும். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தால் போகிறது.

பயணத்தில் இன்னும் சில ஊர்கள் மீதம் இருந்தன. அன்றைக்கு டவுனை விட்டு நடக்கும்போது வாத்தியார் என் பக்கத்தில் வந்தார். வெகுதூரம் என் கூடவே நடந்தார். பிறகு, "கண்ணு, இனிமே நீ பாடு," என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். அவர் சுபாவமும் போகவில்லை. "ஆனா ஒண்ணு சாமி. வாசப்படியோரமா நின்னு பாடு. பாதிச் சத்தம் வெளிய போவட்டும்."

"வாத்தியாருக்குக் கொழுப்பப் பாரு!" என்று அக்கா முணுமுணுத்தாள். எனக்கு அது நல்ல இடமாகத்தான் பட்டது. மீதி எல்லா ஊரிலும் வாசலில்தான் நின்றேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அந்தக் கோயில்களுக்கு வெளியே எப்போதும் சில பேர் நிற்பார்கள். உள்ளே வரலாமா கூடாதா என்று நிற்பவர்கள், வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள், காட்டு வேலை முடிந்து அந்த வழியாகப் போகிறவர்கள். ஒரு ஊரில் விறகுக்கட்டுக்காரி ஒருத்தி, தலைச்சுமையை இறக்காமல், பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே நின்றாள். உள்ளே இருந்தவர்களுக்கு எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். வெளியே நின்றவர்களுக்கு நான் ஒருத்திதான் பாடினேன்.